மாமாவின் முப்பத்திரண்டு

என் அக்கா புருஷனுக்குக் கடையில் வைத்த பெயர் கண்ணளவு. திரைச்சீலை விற்கும் கடை எங்களுடையது. எங்களுடையது என்றால் முதலாளியம்மாவுடையது. நானும் மாமாவும் அங்கே சம்பளத்துக்கு இருக்கிறோம். வாங்குபவர்களின் வீட்டுக்குப் போய் ஜன்னலுக்கு அளவெடுப்பது மாமாவின் வேலை. உள்ளே நுழைந்ததும் ஜன்னலைப் பார்த்துக் கண்ணை ஒரு சுருக்குச் சுருக்குவார். "ஐம்பத்தெட்டுக்கு எண்பத்திநாலு" என்பார். அதற்குப் பிறகுதான் டேப்பை வெளியே எடுப்பார். கால் இன்ச் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். வீட்டுக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். அந்தப் பிளந்த வாயை ரசிப்பதற்காகவே மாமா இன்னும் கொஞ்ச நேரம் அங்கே நிற்பார்.

அந்தக் கண்ணில் படாத ஒரே பொருள் அவருடைய சொந்த இடுப்பு.

"கல்யாணத்தப்போ முப்பத்திரண்டு, இன்னைக்கும் முப்பத்திரண்டு." இதை அவர் சொல்லாத நாள் குறைவு. யாராவது புதிதாக வேலைக்குச் சேர்ந்தால் பேச்சோடு பேச்சாகப் பேன்ட்டின் பின்பக்கப் பட்டியை மடித்து லேபிளைக் காட்டிவிடுவார். எங்களுக்குக் கண் இல்லாமலில்லை. வயிறு அவருக்கு முன்னால் கிளம்பிப் போய்க்கொண்டிருந்ததை எல்லோரும்தான் பார்த்தோம். ஆனால் லேபிளில் முப்பத்திரண்டு என்று நெய்திருக்கிறதே, அதற்கு மேல் யார் வாயைத் திறப்பது? வயிறு மட்டும்தான் வெளியே வந்திருக்கிறது, இடுப்பு அப்படியே இருக்கிறது என்று நானும் நம்பினேன். சிலருக்கு அப்படி இருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

இந்த முப்பத்திரண்டில் அவருக்கு ஏன் இத்தனை வெறி என்று அக்கா ஒரு முறை சொன்னாள். பள்ளிக்கூடத்தில் மாமா குண்டுப் பையனாம். மூட்டை என்று கூப்பிடுவார்களாம். பையன்கள் மட்டுமல்ல, பெற்ற அப்பாவே விருந்தாளிகள் முன்னால், "மூட்டை, தண்ணி கொண்டு வா" என்பாராம். வேலைக்குப் போய், பட்டினி கிடந்து, ஓடி ஆடி உடம்பை இறக்கி, முப்பத்திரண்டில் வந்து நின்றபோதுதான் மாமாவுக்குத் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கவே பிடித்ததாம். அந்த எண்ணை அவர் எப்படி விடுவார்?

விடவில்லை. எனக்கு விவரம் தெரிந்து அவர் பேன்ட் வாங்கப் போகும் அழகே தனி. ஒரு கடையில் முப்பத்திரண்டு தொடைக்கு மேல் ஏறாது. அடுத்த கடையில் அதே முப்பத்திரண்டு லொடலொடவென்று நிற்கும். இன்னொரு கடையில் நிற்கும்போது சரியாக இருக்கும், உட்கார்ந்தால் உயிர் போகும். இதில் எது உண்மையான முப்பத்திரண்டு என்று யாருக்கும் தெரியாது, தைத்தவனுக்கும் தெரியாது. மாமா மட்டும் தெளிவாக இருந்தார். எந்தக் கடையின் முப்பத்திரண்டு தனக்குள் நுழைகிறதோ அது நல்ல கடை, நுழையாதது திருட்டுக் கடை. கொஞ்சம் கொஞ்சமாக ஊரில் நல்ல கடைகள் குறைந்துகொண்டே வந்தன.

பிறகு ஒரு கட்டத்தில் அவர் கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். அக்காவே கொண்டு வர ஆரம்பித்தாள். அவள் வேலை செய்வது வெளிநாடுகளுக்கு உடுப்பு தைத்து அனுப்பும் கம்பெனியில், லேபிள் பிரிவில். சின்னக் குறை என்று ஒதுக்கிய பேன்ட்டுகளை வேலை செய்பவர்களுக்கே குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். அவள் கொண்டு வந்த ஒவ்வொன்றும் மாமாவுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது, ஒவ்வொன்றிலும் முப்பத்திரண்டு என்றே இருந்தது. "வெளிநாட்டுக்காரன் அளவுன்னா அளவு" என்று மாமா சர்ட்டிபிகேட் கொடுத்தார். "என் பொண்டாட்டி லேபிள் செக்ஷன்ல இருக்கா" என்று கடையில் எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொண்டார்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. எங்கள் கடை வேனை ஓட்டும் டிரைவர் நல்ல பருமனான ஆள், உயரமும் குறைவு. அவருக்கு டபுள் டோர் என்று பெயர் வைத்தது மாமாதான். "டபுள் டோர் வந்தாச்சு, ரெண்டு கதவையும் திறங்கப்பா" என்பார். டிரைவர் சிரித்துவிட்டுப் போவார். எனக்குச் சில நேரம் பற்றிக்கொண்டு வரும். மூட்டை என்று கூப்பிடுவதைக் கேட்டு வளர்ந்த மனிதருக்கு இன்னொருவரை அப்படிக் கூப்பிட எப்படி நாக்கு வருகிறது? ஆனால் அக்கா புருஷனாயிற்றே. வேலை வாங்கிக் கொடுத்தவராயிற்றே. வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

இப்படி இருக்கும்போது முதலாளியம்மா பெரிய சாலையில் இன்னொரு கடை திறக்க முடிவு செய்தார். புதுக் கடைக்குப் பொறுப்பாளர் மாமாதான் என்று பேச்சு. திறப்பு விழா அன்று எல்லோர் முன்னிலையிலும் அறிவிப்பதாகச் சொல்லியிருந்தார். மாமாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை, கருநீலப் பேன்ட் என்று ஏற்பாடானது.

யூனிஃபார்ம் சப்ளை செய்பவர் கையில் டேப்போடு வந்தார். "வரிசையா நில்லுங்க, அளவு எடுத்துடறேன்" என்றார்.

மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. "இந்தக் கடையில டேப் பிடிக்கிறவன் நான் ஒருத்தன்தான். ரெடிமேட்தானே தரப்போறீங்க? ஆளாளுக்கு அவங்க சைஸைச் சொல்லிடுவாங்க, எழுதிக்கங்க."

ஒவ்வொருவராகச் சொன்னோம். டிரைவர் மெதுவாக, "முப்பத்தெட்டு" என்றார்.

"இடுப்பைக் கேட்டா ஜன்னல் அகலத்தைச் சொல்றியே" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். டிரைவரும் சிரித்தார். மாமா கடைசியாகத் தன்னுடையதைச் சொன்னார், கொஞ்சம் சத்தமாகவே. யூனிஃபார்ம்காரர் அவர் வயிற்றை ஒரு பார்வை பார்த்தார், எதுவும் சொல்லாமல் எழுதிக்கொண்டு போனார்.

துணிகள் வந்து சேர்ந்தது திறப்பு விழா அன்று காலையில்தான். ஆளுக்கு ஒரு சட்டை, இரண்டு பேன்ட். புதுக் கடையின் பின்னால் துணி உருளைகள் அடுக்கிய அறையில் ஒவ்வொருவராகப் போய் மாற்றிக்கொண்டு வந்தோம். வெளியே நாற்காலிகள் போட்டாகிவிட்டது, மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா கடைசியாக உள்ளே போனார். சற்று நேரத்தில் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, "மாப்ள, இங்க வா" என்றார்.

போனேன். பேன்ட் தொடை வரை ஏறி அங்கேயே நின்றிருந்தது. இரண்டாவதையும் முயன்று பார்த்திருக்கிறார், அது தரையில் கிடந்தது. "புதுத்துணி, விறைப்பா இருக்கு. நீ பின்னால பிடிச்சு இழு" என்றார். இழுத்தேன். அவர் மூச்சை அடக்கினார், முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு வழியாக இடுப்பு வரை வந்தது. ஆனால் கொக்கிக்கும் அது மாட்ட வேண்டிய இடத்துக்கும் நடுவில் ஒரு கை அகலம் இடைவெளி இருந்தது. மாமா அதைக் குனிந்து பார்த்தார். வயிறு மறைத்ததால் அவருக்குத் தெரியவில்லை.

"திருட்டுப் பய. சைஸை மாத்தி வச்சிருக்கான்" என்றார்.

யூனிஃபார்ம்காரர் வெளியே முதலாளியம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். மாமா உள்ளேயிருந்தே கத்தினார். "ஏங்க, முப்பத்திரண்டுன்னு சொன்னா எதைக் கொண்டு வந்திருக்கீங்க? சின்னப் பசங்க அளவா இது?" அவர் வந்து லேபிளைப் பார்த்து, "முப்பத்திரண்டுதாங்க" என்றார். மாமாவுக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. தன் பழைய பேன்ட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். "மாப்ள, இதைக் கொண்டு போய் வெளிய மேஜை மேல விரி. பக்கத்துல அவங்க குடுத்ததையும் விரி. இதுவும் முப்பத்திரண்டு, அதுவும் முப்பத்திரண்டு. எல்லாரும் பார்க்கட்டும்."

நான் கொஞ்சம் தயங்கினேன். "போடா" என்றார். உடுத்த வேறொன்றும் இல்லாததால் அருகிலிருந்த திரைச்சீலைத் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றார். தலை மட்டும் வெளியே தெரிந்தது.

துணி வெட்டும் மேஜையில் இரண்டையும் விரித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது. புதுப் பேன்ட் பழையதற்குள் முழுதாக அடங்கி, இரண்டு பக்கமும் மிச்சம் இருந்தது. வேலை செய்பவர்கள் எல்லோரும் மேஜையைச் சுற்றி நின்றார்கள். முதலாளியம்மாவும் வந்துவிட்டார்.

"எங்களுது சரியாத்தாங்க இருக்கு" என்றார் யூனிஃபார்ம்காரர். வேண்டுமானால் பாருங்கள் என்று மாமாவின் கண்ணெதிரேயே டேப்பைப் புதுப் பேன்ட்டின் பட்டியில் வைத்துக் காட்டினார். மாமா விடவில்லை. "லேபிளைப் பாருங்க, என்னோட லேபிளைப் பாருங்க."

பில் போடும் பெண் பழைய பேன்ட்டின் பட்டியைத் திருப்பிப் பார்த்தாள். அவள் சூது வாது தெரியாதவள். கண்ணில் பட்டதை அப்படியே சொன்னாள். "இந்த லேபிளைப் பிரிச்சு மறுபடி தச்சிருக்காங்க சார். பழைய தையல் ஓட்டை எல்லாம் அப்படியே தெரியுது."

லேபிள் செக்ஷனில் வேலை செய்பவள் யார் என்று அங்கே தெரியாதவர்களே கிடையாது. மாமாதான் தண்டோரா போட்டிருந்தாரே. அந்தத் தையலை எனக்கே அடையாளம் தெரிந்தது. தொடக்கத்திலும் முடிவிலும் மூன்று முறை முன்னும் பின்னும் ஓட்டுவது அக்காவின் பழக்கம். என் சட்டைப் பையை அவள் தைத்துக் கொடுத்தபோதும் அப்படித்தான் ஓட்டியிருந்தாள்.

யாராவது சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாமா திரும்பி நாலு வார்த்தை திட்டியிருப்பார், அது சண்டையாகிக் கரைந்திருக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை. ஆளாளுக்கு வேறு எதையோ பார்த்தார்கள். பில் போடும் பெண் பேன்ட்டை நான்காக மடித்து, ஓசை வராமல் மேஜையில் வைத்தாள். கதவிடுக்கில் தெரிந்த மாமாவின் தலை உள்ளே போய்விட்டது.

நான் உள்ளே போனபோது அவர் ஒரு துணி உருளை மேல் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் பூப்போட்ட திரைச்சீலை. வெள்ளைச் சட்டையின் பொத்தான்களைக் கழுத்து வரை போட்டிருந்தார். "அவளா?" என்று கேட்டார். நான் தரையில் கிடந்த உருளையைச் சுவரோரம் நகர்த்தினேன். "இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்து மாத்தியிருக்கா. எனக்குத் தெரியல. ஜன்னலைப் பார்த்து இன்ச் சொல்றவனாம்." திரைச்சீலையின் முனையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். "நான் வெளிய வரல. முதலாளியம்மாகிட்ட உடம்பு சரியில்லைன்னு சொல்லிடு. பொறுப்பு வேற யாருக்காவது குடுக்கட்டும்."

வெளியே விருந்தினர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். முதலாளியம்மா கதவுக்கு வெளியே நின்று, "இன்னும் கொஞ்ச நேரத்துல பேரைக் கூப்பிடப் போறேன். நீங்க இருந்தா உங்க பேரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் வியாபாரி. அவருக்கு வேறு வழியில்லை.

அப்போதுதான் டிரைவர் உள்ளே வந்தார். கையில் ஒரு பேன்ட். "அண்ணே, ஆளுக்கு ரெண்டு குடுத்திருக்காங்க. எனக்கு இன்னைக்கு ஒண்ணு போதும்." அதை மாமாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். குத்திக் காட்டுகிற தொனி துளியும் இல்லை. இருந்திருந்தால் மாமாவுக்கு அது எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

மாமா அந்தப் பேன்ட்டை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு போட்டுக்கொண்டார். கொக்கி ஒரே தடவையில் மாட்டியது. இடுப்பில் அத்தனை பொருத்தம். நீளம்தான் குறைச்சல், கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது, சாம்பல் நிறக் காலுறை முழுவதும் வெளியே தெரிந்தது. டிரைவர் திரும்பிப் பார்த்து, "நல்லா இருக்குண்ணே" என்றார். மாமா அவருடைய முகத்தைப் பார்க்கவே இல்லை, என் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

பெயரைக் கூப்பிட்டார்கள். கை தட்டினார்கள். முதலாளியம்மாவுக்குப் பக்கத்தில் அவரை நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். எத்தனையோ நாளாக அவர் கனவு கண்ட நேரம் அது. மனுஷன் ஒரு காலை இன்னொரு காலுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு கூனிக் குறுகி நின்றார். அன்று முழுவதும் அவர் யாருக்கும் கண்ணளவு சொல்லவில்லை. ஒரு அம்மா ஜன்னல் படத்தைக் காட்டி உத்தேசமாக எவ்வளவு வரும் என்று கேட்டபோது, "அளந்துதான் சொல்லணும்மா" என்றார்.

சாயங்காலம் இருவரும் சேர்ந்துதான் வீட்டுக்குப் போனோம். நான் இருப்பது அவர்கள் வீட்டு மாடி அறை. வழக்கமாகப் போகும் கடைத்தெருவை விட்டுவிட்டுச் சந்துகளில் சுற்றிக்கொண்டு போனார். பழைய பேன்ட் பையில் இருந்தது.

கதவைத் திறந்த அக்கா முதலில் அவர் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் காலுறையைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அக்கா மகள் உள்ளே பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். மாமா பையிலிருந்து பேன்ட்டை எடுத்து நாற்காலியில் போட்டார்.

"என்னை இப்படி முட்டாளாக்கிட்டியே" என்றார். கோபமாகச் சொல்லத்தான் நினைத்தார். கெஞ்சுவது போல வந்தது.

அக்கா மசியவில்லை. "நம்பர்ல என்னங்க இருக்கு? எங்க கம்பெனியில ஒரே பேன்ட்டுக்குக் காலையில முப்பத்தாறுன்னு தைக்கிறேன். மத்தியானம் வேற நாட்டு ஆர்டர்னு சொல்வாங்க, அதே பேன்ட்டுக்கு முப்பத்திரண்டுன்னு தைக்கிறேன். போடறவங்களுக்கு மனசு நிறையணும்னு அவங்களே சொல்லித் தர்றது. முகம் தெரியாதவனுக்குச் செய்யறதை வீட்டுக்காரருக்குச் செஞ்சேன்."

"எல்லார் முன்னாடியும் என் மானம் போச்சுடி."

"அது இன்னைக்கு. அன்னைக்குப் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" அக்காவின் குரல் மாறியது. "புள்ளையோட ஆண்டு விழா. பாட்டுப் பாட மேடையேறினா. காய்ச்சல்னு சொல்லிட்டுப் படுத்துக்கிட்டீங்க. உங்களுக்குக் காய்ச்சல் இல்லை. வச்சிருந்த ஒரு நல்ல பேன்ட் அன்னைக்கு மாட்டல. கடையில போய்ப் பெரிசா ஒண்ணு வாங்கவும் மனசு வரல. கட்டிலுக்கு அடியில கொக்கி தெறிச்சுக் கிடந்துது, மறுநாள் பெருக்கும்போது எடுத்தேன். அதுக்கப்புறம்தான் லேபிளைப் பிரிச்சேன். ஒரு நம்பருக்காக இந்த மனுஷன் இனிமே வீட்டுக்குள்ள படுத்துக்கக் கூடாதுன்னு."

மாமா உட்கார்ந்துவிட்டார். அந்தக் காய்ச்சல் எனக்கு நினைவிருக்கிறது. நான்தான் மாத்திரை வாங்கி வந்தேன். அதையும் விழுங்கினார்.

உள் அறையில் பேனா ஓடும் சத்தம் நின்றிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மாமா மகளைக் கூப்பிட்டார். அவள் வந்து கதவோரமாக நின்றாள். இப்போது அம்மா உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள்.

"அன்னைக்கு அப்பாவுக்குக் காய்ச்சல் இல்லம்மா" என்றார் மாமா. தரையைப் பார்த்துச் சொன்னார்.

"தெரியும்பா. கதவிடுக்குல பார்த்தேன். கட்டில்ல படுத்துக்கிட்டு ஜிப்பை இழுத்துட்டு இருந்தீங்க. அப்புறம் அழுதீங்க."

அக்கா திடுக்கிட்டு அவளைப் பார்த்தாள். இது அவளுக்கும் தெரியாது.

"யார்கிட்டயும் சொல்லலையே?" என்றார் மாமா. கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். முகம் வெளுத்துவிட்டது.

"சொல்லலப்பா. அதுக்கப்புறம் ஸ்கூல்ல என்ன நடந்தாலும் அப்பாவுக்கு வேலை இருக்கு, வரமாட்டாருன்னு நானே மிஸ்கிட்ட சொல்லிடுவேன். உங்களுக்கு எதுக்குக் கஷ்டம்னு."

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, நகரவும் முடியவில்லை. லேபிளை மாற்றியது அக்கா ஒருத்தி மட்டும் என்றா நினைத்தோம்? இந்தப் பெண் பள்ளிக்கூடம் முழுக்க அப்பாவை மறைத்து வைத்திருந்தாள். காலையில் கடையில் நடந்தது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. மாமா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நாங்கள் மூவரும் அவரைப் பார்க்காமல் நின்றோம்.

கையை எடுத்தபோது கேட்டார். "அடுத்தது எப்போ?"

"என்னதுப்பா?"

"ஸ்கூல்ல. அப்பா அம்மா வரச் சொல்றது."

அவள் அம்மாவைப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமை மீட்டிங். வேணாம்பா, அம்மா வந்தாப் போதும். எல்லாரையும் எழுந்து நின்னு பேசச் சொல்வாங்க. உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்." நோயாளியிடம் பேசுகிற பக்குவத்தோடு சொன்னாள். அவரைக் காயப்படுத்தும் எண்ணமே அந்தப் பிள்ளைக்கு இல்லை.

மாமா எழுந்து நின்றார். டிரைவரின் பேன்ட் கணுக்காலுக்கு மேலே நின்றது. அதை இழுத்துவிட அவர் குனியவில்லை.

"கஷ்டமாத்தான் இருக்கும்" என்றார். "வரேன்."